உரிமையாளர் பெயரில் பதினோரு மனுக்கள்

குழந்தை அழுததால் நான் எழுந்தேனா, நான் எழுந்ததால் குழந்தை அழுததா? ஐந்து வருடங்களாக இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. கணவரிடம் கேட்டால், "இப்ப அது தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்கிறார். அன்று என் மடியில் இருந்த குழந்தைக்கு இப்போது ஆறு வயது ஆகப்போகிறது. அவளுக்கு எதுவும் நினைவிருக்காது.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக உங்கள் அனுபவத்தை எழுதுங்கள் என்று இந்த இதழிலிருந்து கேட்டார்கள். தலை நரைத்து ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற பகுதி இது. நான் முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டவள். மொத்தமே ஒன்பது வருடம்தான் வேலை பார்த்தேன். சாதித்தேன் என்று சொல்ல ஒன்றும் இல்லை, எரிச்சலோடு எழுதினால் பரவாயில்லையா என்று கேட்டேன். பரவாயில்லை என்றார்கள்.

எங்கள் அலுவலகம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. நான் சேர்ந்த புதிதில் தேர்தல் வேலைதான் அதிகம். வேட்பாளருக்குப் பேச்சு எழுதுவது, துண்டறிக்கை தயாரிப்பது, எந்த ஊரில் என்ன குறை என்று விசாரித்து ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பது. அப்புறம் வெளியூர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாக டெல்டாவுக்கு வர ஆரம்பித்தன. அவர்களுக்கு நிலம் வாங்கத் தெரியும், இயந்திரம் இறக்கத் தெரியும், ஊர்க்காரர்களிடம் பேச மட்டும் தெரியாது. அதற்கு நாங்கள். பெயர்ப் பலகையில் 'பொது விவகார ஆலோசகர்கள்' என்று புதிதாக எழுதி மாட்டினோம். கீழே மாத்திரை வாங்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, பட்டா மாற்ற வேண்டும் என்று மனுவோடு மாடியேறி வந்துவிடுவார்கள்.

முதல் வருடத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நன்னிலம் பக்கம் ஒரு வேட்பாளருக்காக விவசாயிகள் கூட்டம் ஏற்பாடு செய்தேன். பந்தல் நிறைய நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். அன்று காலையில்தான் வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. வாரக்கணக்கில் எதிர்பார்த்த தண்ணீர். ஊரே மண்வெட்டியோடு மடையடியில் நின்றது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், என் அப்பாவும் மடையடியில் நின்றவர்தான். ஆனால் தேதி குறித்தது வேட்பாளரின் ஜோசியர். அறிக்கையில் 'இப்பகுதி மக்களிடம் ஆர்வம் குறைவு' என்று எழுதச் சொன்னார் எங்கள் முதலாளி. அவரை நாங்கள் 'சார்' என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். சார் சொன்னார், நான் எழுதினேன். வராதவர் ஏன் வரவில்லை என்று எழுத எங்கள் படிவத்தில் இடமே கிடையாது. இந்தத் தொழிலில் உங்களுக்கு வரப்போகிற எரிச்சலில் பாதி அந்த இல்லாத இடத்திலிருந்துதான் வரும். நீங்கள் வேறு புதிதாகக் கணினியில் படிவம் செய்கிறீர்கள், பார்க்க அழகாக இருக்கிறது. அதிலும் அந்த இடம் இல்லை.

இனி மைமூனா விஷயம். அது அவர் உண்மைப் பெயர் இல்லை. ஊர்ப் பெயரையும் கம்பெனிப் பெயரையும் எழுதப்போவதில்லை.

உமியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை ஒன்று, நன்னிலத்தைத் தாண்டி ஒரு சிற்றூரின் ஓரத்தில் வருவதாக இருந்தது. டெல்டாவில் உமிக்கா பஞ்சம்? திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான் என்று நானும் நம்பினேன். அரசு அனுமதி கொடுக்கும் முன் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பாக வீடு வீடாகப் போய் விளக்கி, சம்மதமோ ஆட்சேபமோ எழுத்தில் வாங்கி மாவட்ட அலுவலகத்தில் சேர்ப்பது எங்கள் வேலை. விளக்குவதற்குக் கம்பெனி ஒரு வண்ணப் புத்தகம் கொடுத்தது. அட்டையில் பசுமையான வயல், நடுவே ஆலை. முதல் வீட்டிலேயே ஒரு பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது கோதுமைங்க. எங்க வீட்டுக்காரர் அனுப்புன காலண்டர்ல பாத்திருக்கேன். ஆலை இங்க வருதா, பஞ்சாபுல வருதா?" என்று கேட்டார். அதற்கப்புறம் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஆலைக்கு இடம் பார்த்திருந்தது ஒரு தெருவுக்குப் பின்னால். தெரு முழுக்க வளைகுடா வீடுகள். கீழ்த்தளம் முடிந்து மாடிக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். ஆண்கள் சவுதியிலும் துபாயிலும் குவைத்திலும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தெருமுனை டெலிபோன் பூத்துக்கு அழைப்பு வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். வீட்டில் எந்த முடிவும் வெள்ளிக்கிழமைதான்.

மைமூனா கடைசி வீடு. கிட்டத்தட்ட என் வயது, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் சவுதியில் வண்டி ஓட்டுகிறார். ஐந்து வயது மகளுக்கு இளைப்பு. பனிக்காலத்தில் மாதம் இரண்டு தடவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. ஆலையின் சாம்பல் கொட்டும் இடம் அவர் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு மறுபக்கம் வருவதாக வரைபடத்தில் இருந்தது. கேட்டார், மறைக்காமல் காட்டினேன். அவர் உட்கார்ந்து ஆட்சேபத்தைத் தெளிவாக எழுதினார். கடைசியில் 'உரிமையாளர் கையொப்பம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"வீடு அவங்க பேர்ல இருக்கு. அவங்க பேர் போடவா, என் பேர் போடவா?"

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் கூலி வேலை பார்த்த குடும்பம். அப்பா குடியிருந்த மனையின் பட்டா, இறந்துபோன பெரியப்பா பேரில் இருந்தது. அதை மாற்ற ஒவ்வொரு வருடமும் ஜமாபந்தியில் அப்பா மனு கொடுப்பார், "உரிமையாளர் பேர்ல இல்லையே" என்று திருப்பிக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அந்த மனுக்களை எழுதியவள் நான். உரிமையாளர் பெயர் இல்லாத காகிதம் காகிதமே இல்லை என்பது என் மண்டையில் ஆணி அடித்தது மாதிரி இறங்கியிருந்தது.

"உரிமையாளர்னுதானே கேட்டிருக்கு. அவங்க பேரே போட்டுடுங்க. அப்பதான் செல்லும்" என்றேன்.

"அவங்க கையெழுத்து அவங்களைவிட எனக்குத்தான் நல்லா வரும்" என்று சிரித்துக்கொண்டே போட்டார். ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் பதிவுத் தபாலுக்கும் அவர்தான் போடுகிறார். அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் நான் இதையேதான் சொன்னேன். பதினோரு வீட்டில் ஆட்சேபம், ஆறு வீட்டில் சம்மதம். அத்தனையும் ஊரில் இல்லாத கணவர்களின் கையெழுத்து.

அதோடு விட்டேனா? யாரும் கேட்காமலே என் அறிக்கையில் ஒரு கட்டம் சேர்த்தேன். 'குடும்பத் தலைவர் தற்போது இருக்கும் இடம்.' அறிக்கை முழுமையாக இருக்க வேண்டுமாம். கட்டம் கட்டமாக சவுதி, குவைத், துபாய் என்று என் கையால் எழுதினேன்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் கம்பெனி வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். மனுக்களை ஒரு பக்கமும் என் அறிக்கையை ஒரு பக்கமும் மேஜையில் வைத்தார். நான் எதிரில் நிற்கும்போதே சாரிடம் சொன்னார்.

"இந்தப் பொண்ணே நம்ம வேலையை முடிச்சுக் குடுத்துடுச்சு சார். ஆளு சவுதில. கையெழுத்து நன்னிலத்துல. பதினொண்ணும் போச்சு."

அப்படியென்றால் சம்மத மனு ஆறும் அதே மாதிரிதானே என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது நம்ம பக்கம்மா" என்றார்.

சார் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டம். நான் கர்ப்பமாக இருந்தபோது நாற்காலியை மாடியிலிருந்து கீழே மருந்துக் கடைக்குள் இறக்கி, படி ஏறாமல் வேலை பார்க்க வைத்தவர். பிரசவத்துக்குப் பிறகு ஐந்து மாதம் என் இடத்துக்கு வேறு ஆள் போடாமல் வைத்திருந்தவர். அன்று என்னைத் திட்டக்கூட இல்லை. நாளைக்கு ஒன்பது மணிக்குக் காரில் போகிறோம், தயாராக இரு என்றார். சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு வேலை பார்த்தோம், அவர்களுக்கு நல்லது நடந்தது, இதில் நீ எதற்கு அழ வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பாதி வழியில் அது சரியாகப் பட்டது. வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கியதும் சரியாகப் படவில்லை.

மறுநாள் விடியும் முன்பே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினேன். வழக்கமாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். அந்த நேரத்துக்கு அவரை எழுப்ப முடியவில்லை, கணவருக்குக் காலை ஷிப்ட். தாராசுரம் தாண்டும்வரை பால் குடித்தாள், கும்பகோணத்தில் பஸ் மாறும்போது என் தோளில் கக்கினாள். கம்பெனி சம்பளத்தில் கம்பெனிக்கு எதிராகப் போகிறேனா, என் தப்பைத் திருத்தத்தான் போகிறேனா என்று வழி முழுக்கக் குழம்பினேன். எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோதும் தெரியவில்லை. இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மைமூனா வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். கூட்டம் தொடங்கும்வரை மனு வாங்குவார்கள், உங்கள் பேரில் புதிதாக எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார்.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"எந்தப் பேருன்னு தெளிவா கேட்டேன்ல?"

"ஆமாங்க."

"படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு போட்டேன். நீங்க படிச்சது எந்தப் பள்ளிக்கூடம்? எம் பொண்ண அங்க சேக்காம இருக்கணும்."

திட்டிக்கொண்டே என் குழந்தைக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பிறகு வீடு வீடாக இருவரும் போனோம். பதினோரு வீட்டில் ஒன்பது வீட்டில் ஒரே பதில்: அவரைக் கேட்காமல் எங்கள் பேரில் எப்படிப் போடுவது? கணவர் பேரில் போடும்போது யாருக்கும் அனுமதி தேவைப்படவில்லை. தன் பேரில் போட அனுமதி வேண்டியிருந்தது. அன்று புதன்கிழமை. அழைப்பு வர இன்னும் இரண்டு நாள். பூத்திலிருந்து நாமே சவுதிக்குப் போடலாம் என்று ஒரு பெண் சொன்னார், வேலை நேரத்தில் யார் எடுப்பார்கள் என்று இன்னொருவர் அடக்கினார். நான் வற்புறுத்தினேனா, வற்புறுத்தாமல் விட்டேனா என்று கேட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன், எதையும் முழுதாகச் செய்யவில்லை. கடைசியில் தன் பேரில் எழுதியவர்கள் இரண்டு பேர். மைமூனா ஒருவர், எதிர் வீட்டில் தனியாக இருந்த பெண் ஒருவர், குவைத்துக்குப் போன கணவரிடமிருந்து வருடக்கணக்காக அழைப்பே வராதவர். அவருக்குக் கேட்க ஆள் இல்லை.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. கம்பெனிக்காரர்களும் சாரும் வக்கீலும் இடது பக்கம். குழந்தையோடு நான் வந்து உட்கார்ந்ததை சார் பார்த்தார். அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வக்கீல் எழுந்து பதினோரு மனுவையும் தூக்கிக் காட்டினார். ஊரில் இல்லாதவர்கள் பேரில் போட்ட பொய்க் கையெழுத்து, இது குற்றம் என்றார். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிந்தார்கள்.

மைமூனா எழுந்தார். "ரேஷன் கடையில நான்தான் போடுறேன், ஸ்கூல்ல நான்தான் போடுறேன். எந்த ஆபீசுலயும் பொய்னு சொல்லல சார். எங்க வீட்டுச் சொவத்துக்குப் பின்னாடி சாம்பல் கொட்டப் போறாங்கன்னு எழுதுனது மட்டும் எப்படிப் பொய்யாச்சு?" என்றார்.

மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பேனாவை வைத்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "சரிம்மா. அவங்க பேர்ல போடச் சொன்னது யாரு?"

அந்த ஒரு கேள்விக்கு மண்டபத்திலேயே பதில் தெரிந்த ஒரே கம்பெனி ஆள் நான். நான் எழுந்து, 'நான்தான் சொன்னேன், அவர்களுக்குத் தெரியாது' என்று சொல்லியிருந்தால் மனுக்கள் செல்லுமோ செல்லாதோ, குறைந்தது குற்றம் என்ற பேச்சு நின்றிருக்கும். மைமூனா என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். எழுந்த நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுதாள். நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

சொல்லத்தான் எழுந்தேன் என்று சில நாள் நினைக்கிறேன். ஓடத்தான் எழுந்தேன் என்று சில நாள். குழந்தை முதலில் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அதனாலேயே அந்த நினைப்பை என்னால் நம்ப முடியவில்லை.

வெளியே கைகழுவும் இடத்தில் நின்றபடி ஒலிபெருக்கியில் மைமூனாவின் பதிலைக் கேட்டேன்.

"யாரும் சொல்லல சார். எங்களுக்காவே தோணுச்சு, போட்டோம்."

அதிகாரி அதை அப்படியே பதிவு செய்தார். ஆட்சேபம் இரண்டு, மற்றவை அவர்களாகவே போட்ட பொய்க் கையெழுத்து என்று நிராகரிப்பு. சம்மதம் ஆறும் செல்லும். சாம்பல் கிடங்கைச் சுற்றி மதில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆலைக்கு அனுமதி கிடைத்தது.

திரும்பும்போது காரில் சார் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "காலைல எங்க போனேன்னு நான் கேக்க மாட்டேன், நீயும் சொல்லாத." பெருந்தன்மை என்று அன்று நினைத்தேன். நிஜமாகவே பெருந்தன்மையாகவும் இருக்கலாம்.

அதற்கப்புறமும் அங்கேயே நான்கு வருடம் வேலை பார்த்தேன். படிவத்தில் 'உரிமையாளர் கையொப்பம்' என்பதை 'கருத்துச் சொல்பவர் கையொப்பம்' என்று மாற்ற வைத்தேன். அதற்கே ஒரு வருடம் சண்டை போட வேண்டியிருந்தது. புதியவர்கள் நீங்கள் அந்தப் படிவத்தைத்தான் இன்று பயன்படுத்துகிறீர்கள். தயவுசெய்து மறுபடி பழையபடி மாற்றிவிடாதீர்கள். யாராவது உங்களிடம் எந்தப் பேர் போடுவது என்று கேட்டால், சட்டென்று பதில் சொல்லாதீர்கள். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதற்கு நமக்கு யாரும் சம்பளம் பிடிப்பதில்லை.

போன மாதம் மைமூனா தஞ்சாவூரில் என் வீட்டுக்கு வந்தார். மகளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்திருந்தார். அவளுக்குப் பத்து வயது, மாடிப்படி ஏறிவந்ததும் மூச்சு இரைக்க உட்கார்ந்துவிட்டாள். மதில் கட்டியிருக்கிறார்கள், சாம்பல் மதிலைத் தாண்டித்தான் வருகிறது, துணி காயப்போட முடியவில்லை என்றார் மைமூனா. அன்று தன் பேரில் எழுதிக் கொடுத்ததற்காகக் கணவர் இரண்டு வெள்ளிக்கிழமை அழைக்கவில்லையாம். மூன்றாவது வெள்ளிக்கிழமை அழைத்து, சுவருக்கும் கிடங்குக்கும் எத்தனை அடி என்று கேட்டாராம்.

தெருவே சேர்ந்து இப்போது வழக்குப் போட்டிருக்கிறது. கிடங்கை வேறு பக்கம் மாற்றச் சொல்லி. அன்றைக்கு இரண்டு பேர்தான் ஆட்சேபித்தார்கள், மற்றது போலி என்று கம்பெனி பதில் போட்டிருக்கிறது. பதினோரு மனுவையும் வாங்கிய ஆள், நான்தான் அப்படிப் போடச் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தால் அந்த வாதம் நிற்காது என்று தெருக்காரர்களின் வக்கீல் சொல்லியிருக்கிறார்.

அன்று ஏன் என் பேரைச் சொல்லவில்லை என்று மைமூனாவிடம் கேட்டேன்.

"கைப்புள்ளையோட இருந்தீங்க. வேலை போயிருமேன்னு பாத்தேன்" என்றார். பிறகு, "இப்பதான் வேலையில இல்லையே. நீங்க சொன்னதை நீங்களே எழுதிக் குடுங்க, அவ்வளவுதான்."

வேலையை விடும்போது, வாடிக்கையாளர் விஷயம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று சாருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடிதம் கொடுத்தால் சம்மத மனு ஆறும் கிளறப்படும், சார் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அவருக்கு இப்போது உடம்பும் சரியில்லை. இதை இங்கே எழுதியதே தப்பு என்கிறார் கணவர். கடிதத்தை மூன்று தடவை எழுதிவிட்டேன். ஒரு தடவை எல்லாவற்றையும் எழுதினேன், ஒரு தடவை சம்மத மனுக்களை விட்டுவிட்டு எழுதினேன், ஒரு தடவை ஒன்றுமே புரியாத மாதிரி எழுதினேன். அடுத்த விசாரணைக்கு முன்பாக, இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று மைமூனா சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்த வாக்குறுதிக்கு எவ்வளவு தூரம் கட்டுப்பட வேண்டும்? சாரிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டுக் கொடுக்கலாமா, கொடுத்துவிட்டுச் சொல்வதா? இதழ் முகவரிக்கு எழுதுங்கள், மாதக் கடைசிக்குள் என் கைக்கு வந்துவிடும். என்னைத் திட்டி எழுதினாலும் படிப்பேன். நன்றாக யோசித்துச் செய்யுங்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.